பொய் என்று நான் சொன்ன வளையம்

ஓர் ஆண்டை நான் அழித்திருக்கிறேன்.

ஆளை அல்ல, ஆண்டை! பன்னிரண்டு மாதங்களும் ஒரு மழைக்காலமும் வரவே வராத ஒரு வெள்ளமும் கொண்ட ஒரு முழு ஆண்டை. நீங்கள் சிரிக்கலாம். கடந்துபோனதை யாரால் அழிக்க முடியும் என்று கேட்கலாம். என்னால் முடிந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், தோசை சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு அதைச் செய்தேன்.

இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... ஏனென்றால் உங்கள் முகம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இப்போதும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். என் துணிச்சல் அவ்வளவுதான்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மரத்தின் வளையங்களை எண்ணுவது! ஐதராபாத்தில் ஓர் ஆய்வகத்தில் இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றபோது திருநெல்வேலியில் என் மாமனார் அதை இரண்டு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அகலமாக. வறண்ட ஆண்டில் நூல் போல. தேக்கு இதில் ஒழுங்கான மரம். காட்டில் நிற்கும் தேக்கில் பென்சில் தடிமனுக்குத் துளையிட்டு ஒரு குச்சியை உருவி எடுப்போம். மரம் சாகாது. இடிக்கப்படும் பழைய வீடுகளின் கூரை தாங்கும் தூலங்களிலிருந்து வட்டமாக ஒரு வில்லை அறுத்து வாங்குவோம். காட்டு மரத்தின் உள்வளையங்களும் பழைய தூலத்தின் வெளிவளையங்களும் ஒரே வரிசையில் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், ஒன்றோடு ஒன்றைக் கோத்துக்கொண்டு பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். ஆற்றில் நீரை அளக்க ஆளே இல்லாத காலத்தில் எந்த ஆண்டு எவ்வளவு நீர் ஓடியது என்று அப்படித்தான் கணக்கிட்டுச் சொல்கிறோம்.

கோதாவரியில் போய்ச் சேரும் ஒரு சிற்றாறு அது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். அதன் குறுக்கே ஒரு நீர்த்தேக்கம் கட்டத் திட்டமிட்டார்கள். எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று. இந்த ஆறு தொடர்ந்தாற்போல் எத்தனை ஆண்டுகள் வரை வற்றும்? அந்தப் பதிலை வைத்துத்தான் தேக்கத்தின் அளவு. அதை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் எவரெவர் சோளத்தையும் பருத்தியையும் விட்டுவிட்டுத் தோட்டம் போடலாம் என்ற யோசனை.

மல்லேஷத்தை அங்கேதான் சந்தித்தேன்.

என் வயதுதான் அவருக்கும். தகப்பனார் காலத்து வீட்டை இடித்துக்கொண்டிருந்தார். நான் தூலத்தில் ஒரு வில்லை கேட்டபோது காரணம்கூடக் கேட்காமல், ரம்பத்தின் ஒரு முனையைத் தானே பிடித்து என்னோடு அறுத்தார். அறுத்த வில்லையைத் தோளில் இருந்த துண்டால் துடைத்து, ஏதோ கல்யாணத் தாம்பூலம் போல என் கையில் வைத்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. அதையும் சேர்த்தே சொல்கிறேன். பிடிக்காத ஒருவருக்குச் செய்திருந்தால் இவ்வளவு கனக்குமா?

இனி நான் செய்ததற்கு வருகிறேன்.

காட்டு மரங்கள் அனைத்திலும் ஓரிடத்தில் நூல் போன்ற வளையங்கள் இரண்டு அடுத்தடுத்து இருந்தன. ஆறு தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வற்றியிருக்கிறது. இந்த வரைபடத்தை நான் ஒரு பெரிய கூட்டத்தில் காட்டியும் ஆயிற்று. கை தட்டினார்கள். ஓர் உயர் அதிகாரி எழுந்து வந்து என் தோளில் தட்டினார். அந்தத் தட்டு நெடுநாள் என் தோளில் இதமாக இருந்தது!

அதற்குப் பிறகுதான் மல்லேஷத்தின் வில்லையை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.

அதே இடத்தில் மூன்று வளையங்கள் இருந்தன.

எங்கள் துறையில் ‘பொய் வளையம்’ என்று ஒன்று உண்டு. மழை இடையில் நின்று, பிறகு மறுபடி பிடித்துக்கொண்டால் மரம் ஏமாந்துபோய் ஒரே ஆண்டில் இரண்டு வளையம் போட்டுவிடும். அதைக் கண்டுபிடித்துக் கணக்கிலிருந்து தள்ள வேண்டும். அதன் ஓரம் மங்கலாக, கரைந்தாற்போல் இருக்கும். மெய்யான வளையத்தின் ஓரமோ கத்தியால் கீறியது போலத் துல்லியமாக இருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. வறட்சி மிகக் கொடியதாக இருந்தால் மரம் அந்த ஆண்டு வளையமே போடாது. உயிரோடுதான் நிற்கும், வளராது. வெளியே பன்னிரண்டு மாதங்கள் நடந்து முடிந்திருக்கும். மரத்துக்குள் அதன் சுவடே இராது. எண்ணிப் பாருங்கள்... ஒரு காடு முழுவதும் ஓர் ஆண்டு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது! ஏதோ ஓர் ஊற்றின் அருகே நின்ற ஒரே ஒரு மரம் மட்டும் அந்த ஆண்டைக் குறித்து வைத்து, பிறகு வெட்டுப்பட்டு, மல்லேஷத்தின் வீட்டுக்குத் தூலமாகப் போயிருக்கிறது.

அந்த மூன்றாவது வளையத்தின் ஓரம் துல்லியமாக இருந்தது. எனக்குத் தெரிந்தது. முதல் பார்வையிலேயே தெரிந்தது.

அது மெய்யென்றால் என் காட்டு மரங்கள் அனைத்திலும் ஓர் ஆண்டு விடுபட்டிருக்கிறது. அதற்கு முந்தைய காலம் முழுவதையும் ஓர் ஆண்டு பின்னுக்கு நகர்த்தி மறுபடியும் கோக்க வேண்டும். பல ஆண்டு உழைப்பு! கை தட்டிய அதே கூட்டத்தின் முன் நின்று, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த நுண்ணோக்கியையும் வில்லையையும் வைத்துக்கொண்டு குழம்பியிருந்தேன். என் மகள் யாழினி பக்கத்தில் வந்து நின்றாள். அப்போது நாலாம் வகுப்பு. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பிள்ளை. இந்த ஊரில் வளரும் நம் பிள்ளைகள் பாதிப்பேர் அப்படித்தான்.

“ஏட்டி, இங்க வா. இந்தக் கண்ணாடி வழியா பாரு. நடுவுல மெல்லிசு கோடு எத்தன இருக்குன்னு சொல்லு” என்றேன்.

நாற்காலியில் ஏறி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“மூடு” என்றாள்.

தெலுங்கில் மூடு என்றால் மூன்று. ஐதராபாத்துக்கு வந்த முதல் வாரத்தில் காய்கறிக் கடையிலேயே கற்றுக்கொண்டுவிட்ட சொல். எனக்குத் தெரியாததல்ல. ஆனால்... அந்தக் கணத்தில் அதை நான் தமிழில் கேட்டேன்.

“சரி, மூடிருதேன்” என்று சொல்லி, நுண்ணோக்கியின் மேல் உறையைப் போட்டு மூடினேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “காது அப்பா! மூடு! த்ரீ, த்ரீ!”

காது என்றால் ‘இல்லை’. நானும் சிரித்தேன். அப்பாவும் பெண்ணும் மொழி தடுமாறிய வேடிக்கையை அடுக்களைக்குள் போய் என் மனைவியிடம் அவள் சொன்னாள். அந்தக் கதை உறவுகளின் கல்யாண வீடுகளில்கூடப் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

நான் தவறாகக் கேட்கவில்லை. எந்த மொழியில் கேட்பது என்பதை நானேதான் தேர்ந்தெடுத்தேன்! மூடிவிடு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். அதை என் குழந்தையின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

அன்றே அந்த வளையத்தின் மேல் பென்சிலால் ஒரு சிறு குறி போட்டேன். பொய் வளையம் என்பதற்கான குறி. ஆண்டு அழிந்தது. எல்லாம் அழகாகப் பொருந்திவிட்டது. ஆறு தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வற்றியதில்லை என்று அறிக்கை போயிற்று. இரண்டு ஆண்டைத் தாங்கும் அளவுக்கு நீர்த்தேக்கம் எழுந்தது.

பிறகு வேறொரு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது மல்லேஷம் என்னை வழிமறித்தார். புது வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்காரவைத்து, சாத்துக்குடித் தோட்டம் போடலாமா என்று கேட்டார். அந்த மரம் காய்க்கச் சில ஆண்டு ஆகும், அதுவரை தண்ணீர் தவறக் கூடாது.

“தோட்ட பெட்டமன்டரா சார்? நீள்ளு ஒஸ்தயா?” தோட்டம் வைக்கச் சொல்கிறீர்களா, தண்ணீர் வருமா என்று மறுபடியும் மறுபடியும் கேட்டார். அறிக்கை எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. என் வாய்ச்சொல் வேண்டியிருந்தது.

“ஃபிகர் நக்கோ, மல்லேஷம்” என்றேன். கவலை வேண்டாம்!

ஐதராபாத்தின் அந்த வார்த்தையை எவ்வளவு லாகவமாகச் சொன்னேன் தெரியுமா? உள்ளூர்க்காரன் ஆகிவிட்டேன் என்ற பெருமையோடு சொன்னேன்.

தோட்டம் வந்தது. சில ஆண்டுகள் நன்றாகவே இருந்தது. ஒரு முறை ஒரு சாக்குப் பழம் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது. பிறகு மழை பொய்த்தது. தேக்கத்து நீரில் தோட்டம் பிழைத்தது. மறு ஆண்டும் பொய்த்தது. அடிமட்டத்து நீரில் இழுத்துப் பறித்துக்கொண்டு பிழைத்தது.

அதற்கு மறு ஆண்டு...

நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அந்த மூன்றாவது கோடையில்தான் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆய்வகத்தில் இருக்க வேண்டிய அந்த வில்லையை, வேறெவரும் எடுத்து எண்ணிவிடக் கூடாதென்று நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு திருப்பிக் கொண்டுபோகவே இல்லை. புத்தக அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. பட்டப்பகல், வெயில் சுள்ளென்று அடிக்கும் பிற்பகல். மின்விசிறி நின்றிருந்தது. டக் என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. யாரோ நகத்தால் மரத்தைத் தட்டுவது போல.

மரம் உலர்ந்தால் வெடிக்கும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று என் படிப்பு சொல்லிற்று. எடுத்துப் பார்த்தேன்.

விரிசல் வழக்கமாக நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடும். இது அப்படி ஓடவில்லை. வளையத்தோடு வளையமாக, வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படியும் சில மரம் பிளக்கும், படித்திருக்கிறேன். ஆனால் நூற்றுக்கு மேல் வளையம் உள்ள அந்த வில்லையில், சரியாக என் பென்சில் குறி இருந்த வளையத்தைப் பார்த்துத்தான் பிளக்க வேண்டுமா? ஒவ்வொரு கோடையிலும் அது இன்னும் கொஞ்சம் சுற்றி வந்தது. நான் வெயில் காலத்தில் அந்த அறையில் உட்காருவதை விட்டுவிட்டேன். காரணம் கேட்ட மனைவியிடம், சூடு தாங்கவில்லை என்றேன்.

பயம் தாங்கவில்லை. அதுதான் உண்மை.

சென்ற ஆண்டு ஐதராபாத்திலேயே, எங்கள் வீட்டுக்கு அருகே மல்லாபூர்ப் பக்கம் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு தொழிற்சாலை வாயிலில் நீலச் சட்டை போட்ட காவலாளி ஒருவர் லாரிக்கு வழிவிட என்னைக் கை காட்டி நிறுத்தினார். நிறுத்தியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சார்! மீரா!” நீங்களா என்று வியந்தார்.

மல்லேஷம்... மனிதர் பாதியாகியிருந்தார். தோட்டம் போய்விட்டது, நிலத்தையும் பெரும்பகுதி விற்றாயிற்று என்றார். “எண்டிபோயிந்தி சார். அந்தா எண்டிபோயிந்தி.” காய்ந்துபோயிற்று, எல்லாம் காய்ந்துபோயிற்று. இதைச் சொல்லும்போதும் அந்த முகத்தில் என்மேல் ஒரு துளி குறை இல்லை! வைதிருக்கலாமே? சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாமே? வீடு எங்கே என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டார்.

அடுத்த விடுமுறை நாளில் வந்துவிட்டார். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு மரத்துண்டு. அவருடைய சாத்துக்குடி மரங்களில் ஒன்றின் அடிப்பகுதி.

“என்னேண்ட்லு சார்?” எத்தனை வயது, எண்ணிச் சொல்லுங்கள் என்றார். நான்தான் மரத்தின் வயதைச் சொல்லும் ஆளாயிற்றே!

சாத்துக்குடியில் வளையங்கள் தெளிவாகத் தெரியாது. ஒழுங்கில்லாத மரம். அதைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே எல்லாம் மங்கலாகத்தான் இருந்தது. பட்டையை ஒட்டி, கடைசியில் மட்டும், கத்தியால் கீறியது போல மெல்லிய கோடுகள்... எண்ணாமலே எனக்குத் தெரிந்தது.

மல்லேஷமும் அந்தக் கோடுகளைக் குனிந்து பார்த்தார். ஊரில் இன்னும் கொஞ்சம் நிலம் மிச்சம் இருக்கிறது, தம்பி மகன் அதில் மறுபடியும் கன்று வைக்கலாம் என்கிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று நினைவு வந்தவராய்த் தலையை நிமிர்த்தினார்.

“மா இன்டி தூலம்ல என்னி உண்டெ சார்?”

எங்கள் வீட்டுத் தூலத்தில் இப்படி மெல்லிய கோடுகள் எத்தனை இருந்தன? எவ்வளவு எளிய கேள்வி! இத்தனை அதிகாரிகளில், இத்தனை அறிஞர்களில் ஒருவர்கூட என்னைக் கேட்காத கேள்வி. நான் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

தேநீரோடு வந்த யாழினி அதைக் கேட்டுவிட்டாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வேடிக்கைக் கதையின் நாயகி அல்லவா அவள்? முகம் மலர்ந்தது. “ஆ தூலமா? நேனு சூசா அங்கிள்! அந்துலோ—” அந்தத் தூலமா, நான் பார்த்திருக்கிறேனே, அதில்...

“மூடு!” என்று கத்தினேன்.

வாயை மூடு என்றுதான் சொன்னேன். என் மகளிடம், தமிழில், வாழ்க்கையில் ஒரு தடவையும் அவளிடம் காட்டாத குரலில்.

யாழினியின் கையில் தட்டு அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். சாத்துக்குடித் துண்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை மாறியதை நான் கண்ணால் கண்டேன்.

மல்லேஷத்துக்குத் தமிழ் தெரியாது. அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைத்தார்.

“மூடா...?” என்றார் மெதுவாக.

மூன்றா என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். என் காதில் அது எப்படி விழுந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் தமிழர். ஆம், மூடன்தான்! மூடன் மட்டுமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நான் ஆமென்று சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. டக் என்று அலமாரியில் சத்தம் கேட்டது. மூவருமே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். மல்லேஷம் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே அடுக்களை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, போய்வருவதாகச் சொன்னார். மரத்துண்டை எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டதா? எங்கள் அறிக்கை சொன்ன இரண்டு ஆண்டுகளும், அவர் வீட்டுத் தூலம் வைத்திருந்த மூன்றும் அவர் மனத்தில் ஒன்றையொன்று சந்தித்தனவா? தெரியவில்லை. கன்று வைக்கச் சொன்னாரா, வேண்டாமென்றாரா? அதுவும் தெரியவில்லை. போய்க் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கப் போனால் சொல்லவும் வேண்டியிருக்கும்.

யாழினி என்னோடு பேசாமல் இல்லை. பேசுகிறாள். வேண்டியதைக் கேட்கிறாள், தெலுங்கில். அன்று முதல் ஒரு தமிழ்ச் சொல்கூட, ‘அப்பா’ என்பதுகூட, அவள் வாயிலிருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கோடையில் அந்த விரிசல் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்துவிட்டது. ஒரு நாள் அலமாரியைத் திறந்தபோது வில்லையின் உட்பகுதி, ஒரு பானையின் மூடி போல, தனியே கழன்று கிடந்தது. நான் அழித்த ஆண்டுக்கு முந்தைய காலம் முழுவதும் அதில் இருந்தது. எடுத்துப் பொருத்தினேன். பொருந்தியது. மறுநாள் பார்த்தேன், கழன்று கிடந்தது. பொருத்துவதும் கழல்வதுமாகவே இருக்கிறது.

அறிக்கையை நான் திருத்தவில்லை. இப்போது அதே ஆற்றில், மேலே இன்னொரு தேக்கத்துக்கு அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஒரு கடிதம் போட்டால் போதும். போடுவேன் என்று உங்களிடம் வாக்குக் கொடுக்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன்... இங்கே வந்து சேர்ந்ததும் கை வரவில்லை.

மல்லாபூர் வழியை மாற்றிக்கொள்ளவும் மனம் வரவில்லை. தினமும் அந்த வாயிலைக் கடக்கிறேன். மல்லேஷம் நாற்காலியை விட்டு எழுந்து எனக்குக் கையை உயர்த்துகிறார். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே சாவிக்கொத்தைப் பிடித்திருப்பதால் மற்ற விரல்கள் மட்டும் நிமிர்ந்திருக்கின்றன. அவர் எனக்கு வணக்கம்தான் சொல்கிறார் என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வண்டியை நிறுத்தாமல் போய்விடுகிறேன்.